லில்லிச் செடியில் வைரஸ்: எதை வைத்துச் சொல்வது, எதைப் பிடுங்குவது

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஒரே பாத்தியில் மூன்று இளஞ்சிவப்பு லில்லிகள். நடுவில் இருக்கும் செடியின் இலைகளில் வெளிர்க் கோடுகள். நுனி இலைகள் முறுக்கிக்கொண்டு வருகின்றன. போன வருடம் இடுப்புயரம் வந்த செடி இந்த வருடம் முழங்காலைத் தாண்டவில்லை. பூத்த இரண்டு பூவிலும் மையைக் கொட்டித் துடைத்தாற்போல் திட்டுத் திட்டாக நிறம். பாத்தியின் ஓரத்தில் பல வருடமாக ஒரு டைகர் லில்லிக் கூட்டம். அது ஜம்மென்று இருக்கிறது. இது வைரஸா, மருந்து உண்டா, மூன்றையும் பிடுங்கிவிடவேண்டுமா, அதே இடத்தில் மறுபடி நடலாமா?

நடுச்செடிக்கு வைரஸ் என்றுதான் நான் சொல்வேன். மருந்து கிடையாது. அந்த ஒன்றை இன்றே எடுத்துவிடுங்கள். மற்ற இரண்டையும் உடனே பிடுங்க வேண்டாம், பார்த்துக்கொண்டிருக்கலாம். மண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் கவலைப்படாத அந்த டைகர் லில்லியைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் குறுக்கீடு. கானா, ஹிப்பியாஸ்ட்ரம், அல்லி, ஸ்பைடர் லில்லி என்று எத்தனையோ செடிகளுக்கு லில்லி என்று பெயர் வைத்திருக்கிறோம். நான் பேசுவது லிலியம் இனத்தைப் பற்றி மட்டும்: பூண்டுப்பல் மாதிரி சதைப்பற்றான செதில்கள் அடுக்கிய கிழங்கு, நிமிர்ந்த ஒற்றைத் தண்டு, அதன் நுனியில் ஆறு இதழ்ப் பூக்கள். மற்றவற்றுக்கும் வைரஸ் வரும். ஆனால் அவை வேறு வைரஸ்கள், அடையாளங்களும் வேறு.

இலையை எப்படிப் பார்ப்பது என்பதில் தொடங்கலாம். மேலே நின்றபடி குனிந்து பார்த்தால் பாதி தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது செடிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, வெளிச்சம் இலையின் பின்னாலிருந்து வரும்படி பாருங்கள். நல்ல இலை ஒரே பச்சையாக, கண்ணாடித்தாள் மாதிரி ஒளியை விடும். வைரஸ் பிடித்த இலையில் நரம்புகளுக்கு இணையாக வெளிர்ப்பச்சை, மஞ்சள் கீற்றுகள் தெரியும். அவை இலையின் அடியிலிருந்து நுனிவரை சீராக ஓடுவதில்லை. ஒன்று பாதியில் நிற்கும், இன்னொன்று திடீரென்று தொடங்கும், நடு நரம்பின் ஒருபக்கம் நாலு, மறுபக்கம் ஒன்று என்று இருக்கும். விரலால் தடவினால் கீற்று உள்ள இடம் சில சமயம் லேசாகப் பள்ளமாகவோ மேடாகவோ தட்டுப்படும். குருத்தைச் சுற்றியுள்ள இளம் இலைகளில்தான் இது தெளிவாகத் தெரியும். கீழ் இலைகளில் மங்கிவிடும். செடி முளைத்து ஒரு சாண் உயரம் வந்த பருவம் முதல் மொட்டு கட்டும்வரை பார்ப்பதற்கு நல்ல காலம். குளிர்ச்சியான நாட்களில் அடையாளம் தூக்கலாக இருக்கும். வெப்பம் ஏறினால் கீற்றுகள் மறைந்துவிடுவதும் உண்டு. அப்போது ‘செடி தேறிவிட்டது’ என்று சந்தோஷப்படுபவர்கள் நிறைய. செடி தேறவில்லை, அடையாளம் மட்டும்தான் மறைந்திருக்கிறது.

இந்தக் கீற்றுகளோடு ஏமாற்று வேலை செய்வது இரும்புச்சத்துக் குறைவு. லில்லி இலையில் நரம்புகள் இணையாக ஓடுவதால், இரும்பு குறைந்து நரம்பிடை மஞ்சளாகும்போது அதுவும் கோடு கோடாகவே தெரியும். வித்தியாசம் ஒழுங்கில் இருக்கிறது. இரும்புக் குறைவில் எல்லாக் கோடும் இலை முழுக்க நேராக ஓடும், நடு நரம்பின் இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும், மேல் இலைகள் எல்லாம் ஒன்றுபோல் வெளுக்கும், இலையின் வடிவம் கெடாது. பெரும்பாலும் பாத்தியில் ஒன்று வெளுத்தால் பக்கத்தில் இருப்பதும் வெளுக்கும், ஏனென்றால் குறை மண்ணில் இருக்கிறது. சுண்ணாம்புத்தன்மை கூடிய மண்ணில் ஓரியண்டல் என்ற கலப்பின லில்லி வகைகளுக்கு இது அடிக்கடி வரும். சந்தேகம் இருந்தால் கீலேட் வடிவ (செடி எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் வடிவ) இரும்புச்சத்தைக் கரைத்து ஊற்றி இரண்டு மூன்று வாரம் பாருங்கள். புதிதாக வரும் இலை பச்சையாக வந்தால் அது வைரஸ் இல்லை. வைரஸ் கண்ட செடிக்கு டப்பா டப்பாவாக இரும்பு ஊற்றினாலும் அடுத்த இலை அதே கீற்றோடுதான் வரும்.

மற்ற ஏமாற்றுக்காரர்களையும் சொல்லிவிடுகிறேன். நுனி இலைகள் முறுக்கிக்கொண்டால் முதலில் குருத்தைப் பிரித்து அசுவினி இருக்கிறதா என்று பாருங்கள். மொட்டுக்குள் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சினால் இலையும் மொட்டும் கோணிக்கொண்டு வரும். பூச்சியை ஒழித்தபின் வரும் வளர்ச்சி நேராக வந்தால் அது வெறும் கடிதான். முளை வெளியே வந்த சமயத்தில் உறைபனி அடித்தால், அப்போது நுனியில் இருந்த இலைகள் மட்டும் சுருங்கி, தண்டில் ஒரே மட்டத்தில் ஒரு வளையம்போல் தெரியும். அதற்கு மேலும் கீழும் இலை நன்றாக இருக்கும். களைக்கொல்லி காற்றில் மிதந்து வந்து பட்டால் அக்கம்பக்கத்துச் செடிகளும் சேர்ந்து முறுக்கும். கிளைபோசேட் பட்ட லில்லி அடுத்த பருவத்தில் வெளிறி ஒடுங்கிய இலைகளோடு முளைப்பதும் உண்டு, அதைப் பார்த்து வைரஸ் என்று நினைக்காதவர் குறைவு. களைக்கொல்லி கடைசியாக எப்போது அடித்தோம் என்று யோசித்துப் பார்ப்பது நல்லது.

இலையில் நீள்வட்டமாகப் பழுப்புப் புள்ளி, ஓரத்தில் செம்பழுப்பு வளையம், ஈரமான நாட்களில் கீழிருந்து மேலாக ஏறுகிறது என்றால் அது போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை. அதற்கு மருந்து இருக்கிறது, காற்றோட்டம் கொடுத்தாலே பாதி குறையும். கீழ் இலைகள் காலத்துக்கு முன்பே மஞ்சளாகி ஊதா பாய்ந்து, செடியை இழுத்தால் வேர் பிடிமானம் இல்லாமல் ஆடினால் கிழங்கின் அடி அழுகியிருக்கிறது. தண்டு நாடா மாதிரி தட்டையாகி அதன்மேல் ஐம்பது நூறு மொட்டு மொய்த்துக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டாம். அது தண்டின் வளர்நுனி தாறுமாறாக விரிந்ததால் வரும் விநோதம், ஒட்டுநோய் கிடையாது, பெரும்பாலும் அடுத்த வருடம் சாதாரணத் தண்டாக வரும். ஆசையாக அதைப் பார்த்து ரசிக்கலாம்.

இப்போது பூ. உங்கள் செடியில் நான் வைரஸ் என்று சொல்ல முக்கியக் காரணம் அந்தத் திட்டு நிறம்தான். இதழில் சிவப்பையும் ஊதாவையும் கொடுக்கும் அந்தோசயனின் நிறமி சில இடத்தில் திரண்டும் சில இடத்தில் இல்லாமலும் போய்விடுகிறது. பூவின் நிறம் ‘உடைகிறது’ என்பார்கள். வெள்ளை, மஞ்சள் லில்லியில் உடைவதற்கு அந்த நிறமி இல்லை என்பதால் இந்தத் தடயம் கிடைக்காது. அங்கே இதழ் சுருங்குவது, மொட்டு பாதி திறந்து நின்றுவிடுவது, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிளப்பது போன்றவற்றைத்தான் பார்க்கவேண்டும்.

நிறம் உடைந்த பூவுக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் துலிப் கிழங்குகளுக்கு வெறிபிடித்தாற்போல் விலை ஏறி 1637 பிப்ரவரியில் சரிந்ததே, அப்போது மிக அதிகம் கேட்கப்பட்டவை கோடு போட்ட துலிப்கள். அந்தக் கோடுகள் நோய் என்று யாருக்கும் தெரியாது. 1928-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் டோரத்தி கேலி என்பவர், கோடு விழுந்த துலிப் கிழங்கின் பாதியை நல்ல கிழங்கின் பாதியோடு ஒட்டி வளர்த்து, நிறம் உடைவது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகிறது என்று காட்டினார். அந்தத் துலிப் வைரஸ் லில்லியிலும் ஏறும். அதனால்தான் பழைய தோட்டக்காரர்கள் துலிப்பையும் லில்லியையும் பக்கம் பக்கமாக நடாதே என்று சொல்லிவந்தார்கள். அந்த அறிவுரை இன்றும் சரி.

லில்லியில் அடிக்கடி வருபவை மூன்று. லில்லி மாட்டில் (Lily mottle) வைரஸ் என்பது துலிப் வைரஸுக்கு நெருங்கிய சொந்தம்; நான் மேலே சொன்ன கீற்று, தேமல், பூ உடைதல் எல்லாம் அதன் வேலை. வெள்ளரித் தேமல் வைரஸ் இலையையும் பூவையும் கோணலாக்குவதில் கெட்டிக்காரன். 1916-இல் வெள்ளரியில் விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர். உண்மையில் அது தங்கக்கூடிய செடிகள் ஆயிரத்துக்கும் மேல். தக்காளி, மிளகாய், பூசணி, பாத்தி ஓரத்துக் களை எல்லாம் அதற்கு வீடுதான். மூன்றாவது லில்லி சிம்ப்டம்லெஸ் வைரஸ். பெயரே ‘அடையாளம் காட்டாதது’ என்று சொல்கிறது. தனியாக இருந்தால் இலையில் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. கிழங்கு வருடா வருடம் சிறுத்துக்கொண்டே போகும், பூ எண்ணிக்கை குறையும், வெட்டிவைத்த பூ சீக்கிரம் வாடும். நாம் உரம் போதவில்லை என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டிருப்போம்.

இந்த மூன்றில் இரண்டு சேர்ந்துவிட்டால்தான் செடி உண்மையில் படுத்துவிடுகிறது. ஈஸ்டர் லில்லி என்கிற நீள்குழல் வெள்ளை லில்லியில் வெள்ளரி வைரஸும் சிம்ப்டம்லெஸ் வைரஸும் சேர்ந்தால் இலையில் நீளவாக்கில் சாம்பல், பழுப்புக் கீறல்களாகத் திசு செத்துப்போகும். போன வருடம்வரை நன்றாக இருந்த செடி இந்த வருடம் திடீரென்று பாதியாகக் குறைந்ததற்கு இது ஒரு சாத்தியமான விளக்கம்: ஒன்று ஏற்கெனவே உள்ளே குடியிருந்தது, புதிதாக இன்னொன்று வந்து சேர்ந்தது. இவற்றோடு, 2010 வாக்கில் நெதர்லாந்து லில்லிகளில் கண்டுபிடிக்கப்பட்ட பிளான்டாகோ ஏசியாட்டிகா மொசைக் வைரஸும் இருக்கிறது. அது துரு நிறத்தில் செத்த புள்ளிகளை உண்டாக்கும். பூச்சி தேவையில்லாமல் காயம்பட்ட கிழங்கு, கத்தி, கிழங்கு கழுவும் தண்ணீர் வழியாகவே பரவும் என்பதால் கிழங்கு உற்பத்தியாளர்களுக்குப் பெரிய தலைவலி.

இனி உங்கள் டைகர் லில்லிக்கு வருகிறேன். ஆரஞ்சு இதழில் கரும்புள்ளி, இலைக்கக்கத்தில் மிளகு மாதிரி கறுத்த குட்டிக் கிழங்குகள். தோட்டத்தில் இருக்கும் டைகர் லில்லி பெரும்பாலும் மும்மடிய வகை (குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று), விதை கட்டாது. ஆகவே தலைமுறை தலைமுறையாக அந்தக் குட்டிக் கிழங்குகள் வழியாகவே பெருகிவந்திருக்கிறது. விதை வழியாக லில்லியின் முக்கிய வைரஸ்கள் இறங்குவதில்லை. கிழங்கு வழியாகத் தப்பாமல் இறங்கும். தாய்ச்செடிக்கு ஒருமுறை தொற்றினால் அதன் கக்கத்துக் கிழங்கு ஒவ்வொன்றும் தொற்றோடுதான் மண்ணில் விழுகிறது. இதோடு சேர்த்து, டைகர் லில்லி வைரஸைத் தாங்கிக்கொள்ளும் வலு உள்ளது. பூக்கும், நிமிர்ந்து நிற்கும், பல வருடம் வாழும். பக்கத்தில் இருப்பவை ஒவ்வொன்றாகப் படுக்கும்.

நானும் இதில் ஏமாந்தவன்தான். ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து கைப்பிடி குட்டிக் கிழங்கு வாங்கிவந்து வேலியோரம் தூவினேன். மூன்றாம் வருடம் வேலி முழுக்க ஆரஞ்சு. அந்த வருடம் எதிர்ப்பாத்தியில் விதைபோட்டு வளர்த்த ஃபார்மோசானம் லில்லிகள் இருந்தன. அது வைரஸுக்கு உடனே பணிந்துவிடும் இனம். வேலிக்கு நெருங்கிய வரிசையில் முதலில் கீற்று, அடுத்து முறுக்கல், பூக்காமலே போயின. தூர வரிசை அந்த வருடம் பூத்தது. காரணம் புரிய எனக்கு இன்னொரு வருடம் ஆனது. தோட்டத்தில் செத்துப்போகிற செடியால் எனக்குப் பெரிய நஷ்டம் வந்ததில்லை. நோயை உள்ளே வைத்துக்கொண்டு செழிப்பாக நின்றதுதான் எல்லாவற்றையும் கொண்டுபோனது.

வேலியிலிருந்து பாத்திக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனது அசுவினி. இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் மருந்துச் செலவு மிச்சம். நோய் பரப்ப அசுவினி லில்லியில் குடியேறி வாழ வேண்டிய அவசியமே இல்லை. சிறகு முளைத்த அசுவினி ஒன்று பறந்து வந்து உட்காரும். இது நமக்கு ஏற்ற செடிதானா என்று பார்க்க ஊசிவாயைத் தோலுக்குள் ஒருமுறை குத்தும். பிடிக்கவில்லை என்றால் பறந்து அடுத்த செடிக்குப் போகும். அந்த ஒரு குத்துக்கு ஆகும் நேரம் சில நொடிகள், மிஞ்சினால் ஒரு நிமிடம். வைரஸ் ஊசிமுனையில் ஒட்டிக்கொள்ள அது போதும். அடுத்த செடியில் குத்தும்போது அங்கே இறங்கிவிடும். சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் முனையில் ஒட்டியது தீர்ந்துவிடும், அவ்வளவுதான் அதன் ஆயுள்.

பூச்சிமருந்து வேலை செய்ய இதைவிட அதிக நேரம் வேண்டும். செடிக்குள் பாயும் மருந்து போட்டிருந்தாலும், அசுவினி குத்திச் சாறு குடித்துச் சாவதற்குள் வைரஸை இறக்கிவிட்டிருக்கும். சில மருந்துகள் பூச்சியை நிலைகொள்ளாமல் தவிக்கவைத்து, ஒரு செடியில் உட்கார வேண்டியதைப் பத்துச் செடியில் உட்கார வைக்கும். ஆகவே வைரஸைத் தடுக்கிறேன் என்று வாராவாரம் பூச்சிமருந்து அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அசுவினிக் கூட்டம் தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சி விழச்செய்யுங்கள், சோப்புக் கரைசல் அடியுங்கள். கூட்டம் நெரிந்தால்தான் சிறகு முளைத்தவை கிளம்பும், அதைத் தடுப்பதில் பயன் உண்டு. கிழங்கு வயல்களில் மெல்லிய கனிம எண்ணெய் தெளிப்பார்கள். இலைமேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் வைரஸ் ஊசிமுனையில் சரியாக ஒட்டுவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் அதையும் செய்யலாம், ஆனால் புது வளர்ச்சியை மூட அடிக்கடி தெளிக்கவேண்டும், சுடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். விலைமதிப்பான சில செடிகள் மட்டும் என்றால் பூச்சி புகாத நெருங்கிய வலை அதைவிட நிச்சயம்.

மருந்தைவிடக் கண்ணும் மண்வெட்டியும்தான் இதில் பலன் தரும் என்பதற்குப் பெர்முடா தீவின் கதை நல்ல சாட்சி. அங்கே ஈஸ்டர் லில்லிக் கிழங்கு ஏற்றுமதி ஒரு பெரிய தொழிலாக இருந்து நோயால் நொடித்துப்போனது. அசுவினி கடிப்பதால் வரும் சேதம் என்றுதான் நினைத்திருந்தார்கள். 1923-இல் அங்கே போன லாரன்ஸ் ஓகில்வி என்ற இளம் தாவர நோய் நிபுணர், அது வைரஸ், அசுவினி அதைச் சுமப்பது மட்டும்தான் என்று கண்டுபிடித்தார். வயல் வயலாகப் பரிசோதித்து, நோய்கண்ட செடியைக் கிழங்கோடு அகற்றும் முறை கொண்டுவரப்பட்டது. 1927-க்குள் ஏற்றுமதி 1918-இல் இருந்ததைப்போல் ஏழு மடங்கானது. இன்றும் வீட்டில் நாம் செய்யவேண்டியது ஏறக்குறைய அதேதான்.

அகற்றுவதில் பலர் செய்யும் தவறு, தண்டைப் பிடித்து இழுப்பது. தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளேயே நிற்கும், அடுத்த வருடம் அதே நோயோடு முளைக்கும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை நேராக இறக்கி, சுற்றிலும் வெட்டி, மண்ணுருண்டையோடு தூக்குங்கள். லில்லித் தண்டு மண்ணுக்குள் இருக்கும் பகுதியிலும் வேர்விட்டுச் சின்னச் சின்னக் கிழங்குகளைக் கட்டியிருக்கும். கிழங்குச் செதில் ஒன்று உதிர்ந்து கிடந்தாலும் அதிலிருந்து புதுச்செடி வரும். மண்ணை ஒரு சாக்கின்மேல் உதறி விரலால் அலசித் தேடி எடுங்கள். அரிசிமணி அளவுக் குட்டியையும் விடாதீர்கள். தோண்டுவதற்கு முன் செடியில் அசுவினி இருந்தால் சோப்புக் கரைசலால் கொன்றுவிட்டுத் தோண்டவேண்டும். இல்லாவிட்டால் நாம் ஆட்டும் ஆட்டத்தில் எல்லாம் பக்கத்துச் செடிக்கு இடம் மாறிவிடும்.

எடுத்ததை எரிக்கலாம், அல்லது பையில் கட்டி வெயிலில் போட்டு முழுக்க அழுகவைத்துக் குப்பையில் சேர்க்கலாம். உரக்குழியில் போடாதீர்கள். அசுவினியால் பரவும் இந்த வைரஸ்களுக்கு உயிருள்ள திசு வேண்டும், செத்த இலையில் அவை பிழைப்பதில்லை. ஆனால் சூடேறாத உரக்குழியில் லில்லிக் கிழங்கு சாகாது, முளைக்கும். எனக்கு முளைத்திருக்கிறது.

இதே காரணத்தால் மண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றேன். மேலே சொன்ன மூன்று வைரஸ்களும் வெறும் மண்ணில் காத்துக்கிடப்பவை இல்லை. கிழங்கு மிச்சமில்லை என்பது உறுதியானால் அதே குழியில் நடலாம். உறுதிப்படுத்த நான் ஒரு பருவம் அங்கே லில்லி அல்லாத எதையாவது போட்டுவிட்டு, லில்லி முளை ஏதாவது தலைகாட்டுகிறதா என்று பார்ப்பேன். நூற்புழு வழியாக மண்ணில் நிற்கும் வைரஸ்கள் சில உண்டு, வீட்டுத் தோட்ட லில்லியில் அவை அபூர்வம். துரு நிறப் புள்ளியோடு செத்திருந்தால் மட்டும் அந்த இடத்தை இன்னும் கொஞ்ச காலம் விட்டுவைப்பேன்.

கத்தி, கத்தரிக்கோல் விஷயத்தில் அளவாகக் கவனம் போதும். சாறு பட்ட கத்தி வழியாகவும் தொற்று போகலாம், அசுவினி அளவுக்கு இல்லை. செடிக்குச் செடி மாறும்போது கத்தியைச் சுடரில் காட்டலாம், அல்லது கொழுப்பு நீக்கிய பால்பொடியை ஐந்துக்கு ஒரு பங்கு என்ற அளவில் தண்ணீரில் கரைத்து அதில் முக்கி எடுக்கலாம். பால் புரதம் வைரஸைச் செயலிழக்கச் செய்யும் என்பது நாற்றங்கால்களில் பழக்கமான முறை. ஸ்பிரிட் துடைப்பு எல்லா வைரஸுக்கும் போதாது. வாடிய பூவைக் கிள்ளும்போது நோயற்ற செடியில் தொடங்கிச் சந்தேகச் செடியில் முடிப்பது செலவில்லாத வழி.

பக்கத்தில் உள்ள இரண்டு செடிகள்? அவற்றில் தொற்று ஏற்கெனவே ஏறியிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஏறாமலும் இருக்கலாம். பூக்கட்டும். பூவின் நிறத்தையும் குருத்து இலைகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள், தேதி போட்டுப் புகைப்படம் எடுத்துவையுங்கள். மனசு தனக்கு வேண்டியதைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். செடி ஓய்வெடுக்கும் காலத்தில் கிழங்குகளை எடுத்துத் தனித்தனித் தொட்டியில், மற்ற லில்லிகளிலிருந்து தூரமாக வைத்து ஒரு முழுப் பருவம் வளர்த்துப் பார்க்கலாம். புதிதாக வாங்கும் கிழங்குக்கும் நான் இதையே செய்கிறேன். வெளித்தோற்றத்தில் வழுவழுவென்று இருக்கும் கிழங்குக்குள் என்ன இருக்கிறது என்று இலை வந்தால்தான் தெரியும்.

ஆய்வகத்தில் எலைசா, பி.சி.ஆர். சோதனை செய்தால் எந்த வைரஸ் என்று பெயரோடு சொல்லிவிடுவார்கள். கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரி இலைச்சாற்றில் நனைத்துப் பார்க்கும் பட்டைகளும் சில வைரஸ்களுக்கு உண்டு. ஒரு பட்டை ஒரு வைரஸையோ ஒரு குடும்பத்தையோ மட்டுமே காட்டும். ‘இல்லை’ என்று வந்தால் அந்த ஒன்று இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். நாலு செடி வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு தேவையா என்றால், தேவையில்லை என்பேன். அரிய இனம் சேகரிப்பவர், கிழங்கு பிறருக்குக் கொடுப்பவர் என்றால் கட்டாயம் செய்யவேண்டும்.

செடிமேல் பாசம் வைத்து, ‘ஒரு செதிலையாவது எடுத்துப் பதியம் போட்டுக் காப்பாற்றலாமா’ என்று கேட்பார்கள். செதில், குட்டிக் கிழங்கு, கக்கத்துக் கிழங்கு எதை எடுத்தாலும் வைரஸும் சேர்ந்து வரும். ஆய்வகத்தில் முடியும்: வைரஸ் எட்டாத வளர்நுனியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான துணுக்கை வெட்டித் திசு வளர்ப்பில் செடியாக்குவார்கள். 1952-இல் பிரான்சில் மோரெல், மார்ட்டின் இருவரும் டாலியாவில் செய்து காட்டிய வழி இது; கிழங்கு நிறுவனங்கள் லில்லிக்கு இன்றும் இதையே செய்கின்றன. அப்படி வந்த செடியும் தூய்மையாகப் பிறக்கிறது, அவ்வளவுதான். நோய் எதிர்ப்பு எதுவும் அதற்கு வருவதில்லை. உங்கள் பாத்தியில் அசுவினி ஒருமுறை குத்தினால் மறுபடி தொற்றும்.

நமக்கு எளிது விதைதான். நோயுள்ள செடியில் பிடித்த விதையிலிருந்தும் தூய்மையான நாற்று கிடைக்கும். இயற்கை இனங்கள் விதையில் தாயைப்போல வரும். கலப்பின வகைகள் அப்படி வராது, என்ன நிறம் வரும் என்று சொல்ல முடியாது, அதிலும் ஒரு சுவை இருக்கிறது. ஃபார்மோசானம் விதைத்த ஒரு வருடத்துக்குள் பூக்கும், ரீகேல் இரண்டு மூன்று வருடம், மற்றவை பல இன்னும் மெதுவாக. நாற்றுகளை மட்டும் பழைய கிழங்குகளிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். ஃபார்மோசானம் நாலைந்தைப் பாத்தியின் மூலைகளில் காவல்காரனாக நட்டுவைப்பதும் ஒரு தந்திரம்: தோட்டத்தில் வைரஸ் சுற்றுகிறதென்றால் அதன் இலைதான் முதலில் சொல்லும். கண்டவுடன் பிடுங்கிவிடவேண்டும், இல்லையேல் காவல்காரனே திருடனாகிவிடுவான்.

ஹென்றியை, மார்டகன், ஹான்சோனியை போன்ற லில்லி இனங்கள் வைரஸைத் தாங்கும் என்று பெயர் பெற்றவை. நோயோடு போராடிச் சலித்தவர்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் தாங்குவது என்பது தொற்றாதது என்று ஆகாது. டைகர் லில்லியும் தாங்குகிற செடிதானே. ஆகவே தாங்கும் இனங்களை ஒருபக்கமும் மென்மையான இனங்களை மறுபக்கமும் வையுங்கள், இடையில் புதரோ உயரமான வேறு செடியோ இருக்கட்டும். பாத்தியோரக் களையை, முக்கியமாக வெள்ளரிக் குடும்பத் தொட்டிகளுக்கும் லில்லிக்கும் நடுவில் முளைப்பதை, சேரவிடாதீர்கள்.

உங்கள் பாத்தியில் வேலையை இந்த வரிசையில் செய்வேன்: நடுச்செடி இன்றே. அடுத்தது டைகர் லில்லிக் கூட்டம், கக்கத்துக் கிழங்குகள் கறுத்துத் தானாக உதிரத் தொடங்கும் முன். உதிர்ந்தபின் என்றால் நீங்கள் தேடவேண்டியது மண்ணில் கிடக்கும் நூற்றுக்கணக்கான மிளகுகளை. அதை எடுக்க மனம் வரவில்லையென்றால், புரிகிறது, அதை வைத்துக்கொண்டு மற்ற லில்லிகளை வேறு மூலைக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே பாத்தியில் மட்டும் வேண்டாம். குட்டிக் கிழங்கு கேட்டு வருபவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். என்னிடம் கொடுத்தவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.